எச்சில் டெஸ்ட்

சிபியின் தோளில் ஒட்டியிருந்த பட்டை அன்று காலையில் மஞ்சளாகிவிட்டது. அதை முதலில் பார்த்தது அவன் மனைவி மேகலைதான். பல் துலக்க அவன் குனிந்தபோது பனியன் விலகி, நேற்றுவரை பச்சையாக இருந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தப் பட்டையை ஒட்டிக்கொண்டுதான் திரிய வேண்டும். வாரம் ஒருமுறை கொசு கடிப்பதைவிட மெதுவாக ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, அதில் ஒரே ஒரு வைரஸை மட்டும் தேடும். இல்லையென்றால் பச்சை, வந்துவிட்டால் மஞ்சள். சிவப்பு என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கோயம்புத்தூரில் அன்றைக்கு நல்ல வெயில். மருத்துவமனை அறையில் டாக்டர் பர்வீனுக்கு எதிரே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சிபி நடுவில், ஒரு பக்கம் மேகலை, மறுபக்கம் அவனுடைய அக்கா கோகிலவாணி. சிபிக்குச் சிறுநீரகம் கொடுத்தது அந்த அக்காதான். அதனால் எந்த அறைக்குப் போனாலும் முதல் நாற்காலி அவளுக்கு.

"இது ஒண்ணும் புது வைரஸ் இல்ல" என்றார் டாக்டர். "அந்தக் காலத்துல எல்லாருக்கும் சின்ன வயசுலயே எச்சில் வழியா வந்து, ரெண்டு நாள் காய்ச்சலோட அடங்கிடும். ஒழிஞ்சு போகாது. ரத்தத்துல ஒரு வகை வெள்ளணுக்குள்ள போய்ப் படுத்துக்கும். உடம்போட காவல் அதை எழுந்திரிக்க விடாது. உங்களுக்குத்தான் அந்தக் காவலையே நாங்க மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கோமே."

"அந்த மாத்திரையை நிறுத்திப்போட்டா?" என்றாள் கோகிலா.

"காவல் முழிச்சதும் முதல்ல உங்க கிட்னியைத்தான் பாக்கும். வேத்தாளுன்னு சொல்லித் துரத்திடும்."

"நிறுத்தாட்டி?"

டாக்டர் சிபியைப் பார்த்தார். "அந்த அணுக்கள் பெருகும். கழுத்துல, அக்குள்ல, வயித்துல கட்டி வரும். அது புற்றுநோய் சிபி. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். சிபி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மேகலைக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் டாக்டர். "இது எந்த வாயிலிருந்து வந்துச்சோ, அந்த ஆளோட உடம்பு இதே வைரஸோட மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்கும். அப்படிப் பழகின அணுக்களை எடுத்து இவருக்கு ஏத்தினா, அது கிட்னிய விட்டுட்டு வைரஸை மட்டும் அடிக்கும். நெருங்கின சொந்தமா இருந்தா இன்னும் நல்லது. ஆனா அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிக்கணும். எங்க டெஸ்ட்டு வைரஸோட வம்சத்தையே படிச்சுச் சொல்லிடும். வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ரத்தம் குடுங்க."

அந்தப் பரிசோதனைக்கு மருத்துவமனை வைத்த பெயரைச் சொல்வதற்குள் பல் கழன்றுவிடும். ஊரில் அதற்கு எச்சில் டெஸ்ட் என்று பெயர். உயிரைக் காப்பாற்றக் கண்டுபிடித்த சோதனைதான். ஆனால் யார் வாய் யார் வாயோடு சேர்ந்தது என்று ஒரு இயந்திரம் சொல்லிவிடும் என்றால், ஜனங்கள் அதை உயிர் காக்க மட்டுமா வைத்துக்கொள்வார்கள்? அது வந்த பிறகு ஆஸ்பத்திரியைவிடக் குடும்பக் கோர்ட்டில்தான் கூட்டம் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அகப்பட்டவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

"என்ற ரத்தம் வருசா வருசம் உங்ககிட்டத்தான வருது?" என்றாள் கோகிலா. "போன மாசம்கூடக் குடுத்தேன். அதையே பாத்துக்குங்க டாக்டரம்மா."

"அது போதும். மேகலை, நீங்க?"

"இன்னிக்கு எனக்குத் தலை சுத்துதுங்க. நாளைக்கு வந்து குடுக்கறனுங்க."

கோகிலா மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

மேகலையின் கலியாணமே அவள் ரத்தத்தால் நடந்த கலியாணம். ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த அந்த நோய்க்காலத்தில் பிறந்த பிள்ளைகள், ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு டம்ளர் என்று வளர்ந்தார்கள். பிறர் வாய் பட்டதைத் தொடாமல் வளர்ந்ததால் பலருக்கு இந்த வைரஸ் வரவே இல்லை. அவர்களைச் 'சுத்த ரத்தம்' என்றார்கள். சாதியைக் கேட்க வெட்கப்பட்டவர்கள்கூட இதைக் கூச்சமில்லாமல் கேட்டார்கள். தரகர்கள் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால், "பொண்ணு சுத்த ரத்தமுங்களா?" என்று கேட்டார்கள்.

சிபியும் சுத்த ரத்தம், கோகிலாவும் சுத்த ரத்தம். வேறு வாய் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தேடித் தேடிக் கட்டிய பெண் மேகலை. அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. சிபிக்கு முத்தம் கொடுக்க இந்த உலகத்தில் அனுமதி பெற்ற ஒரே வாய் தன்னுடையது என்று முதல் வருடம் அவள் சிரித்துக்கொண்டே நினைத்ததுண்டு.

பிறகுதான் அந்த வீட்டின் சுவர்கள் தெரிய ஆரம்பித்தன. டம்ளர்களில் பெயர் வெட்டியிருந்தது. விருந்துக்குப் போகக்கூடாது, கோயிலில் கையில் தரும் பிரசாதம் வாங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை எதையும் தொடக்கூடாது. இப்போதெல்லாம் குழந்தைகளைப் பழையபடி மண்ணிலும் எச்சிலிலும் புரள விடுகிறார்கள், சின்னதில் வந்துபோனால் நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வைரஸ் மூட்டை. சிபி சாப்பிடும் மாத்திரைகளால் தங்களுக்கு ஒரு குழந்தை என்ற பேச்சே தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஊரார் குழந்தையும் இல்லை, சொந்தக் குழந்தையும் இல்லை என்று அவள் அந்த வீட்டில் இருந்தாள்.

சூலூரில் அவள் தங்கை தேன்மொழிக்கு ஒரு பையன் பிறந்தான். அகரன் என்று பெயர். போட்டோவில் பார்த்துக்கொள் என்றாள் கோகிலா. மேகலையும் போட்டோவில்தான் பார்த்தாள், ஒரு வருடம் வரை. அதற்கு மேல் முடியவில்லை. யோகா வகுப்பு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவதாகத்தான் எண்ணம். அவன் தவழ்ந்து வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோது எண்ணம் எங்கே போனதோ தெரியாது.

மடியில் உட்கார்ந்து, வாயில் போட்டுக் குதப்பிய இட்லியை விரலால் எடுத்து அவள் வாயில் வைத்தான். தேன்மொழி பதறி, "அக்கா, துப்பு!" என்றாள். மேகலை விழுங்கிவிட்டாள். "குழந்தை எச்சில் எச்சிலாடி?" என்று கேட்டாள். நம் ஊரில் எத்தனையோ தாய்மார்கள், அத்தைமார்கள், சித்திமார்கள் கேட்ட கேள்விதான் அது. இல்லை என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பதில். அந்தப் பதில் இயந்திரத்துக்குத் தெரியாதே. அதன் பிறகு யோகா வகுப்பு நிற்கவே இல்லை. இடையில் ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. வெயிலில் போய்வந்த காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டாள், தனக்குத்தானேகூட.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் கோகிலா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"எங்க போறே நீ?"

"எங்கீங்க அண்ணி?"

"யோகாவுக்குப் போறவ மூஞ்சி இப்படிச் செவந்து, சிரிச்சுட்டே வருமா? நானும் பொம்பளதான். யாரு அவன்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு ரத்தம் குடுக்கத் தல சுத்துது? என்ற ஒடம்பைக் கீறி எடுத்துக் குடுத்திருக்கேன் மேகலை. என்ற தம்பிக்கு எதாச்சும் ஆச்சுன்னா உன்னை மட்டும் இல்ல, உன்ற வீட்டையே சும்மா விட மாட்டேன்."

சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று மேகலைக்கு நன்றாகத் தெரியும். காதலன் இல்லை, குழந்தைதான் என்றால் மட்டும் மாலை போட்டுவிடுவார்களா? செய்யாதே என்று சொன்ன ஒரே காரியத்தைச் செய்து புருஷனுக்கு எமனைக் கூட்டிவந்தவள். இந்த வீட்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள். தங்கை வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் போய் நின்று கத்துவார்கள். சொல்லாவிட்டாலோ, மருந்து தன் ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்தும் அதை மூடிவைத்துக்கொண்டு சிபி சாவதைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மறுநாள் வீடு விநோதமாக அமைதியாக இருந்தது. கோகிலா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அறைக்குள்ளேயே இருந்தாள், சோறு வேண்டாம் என்றாள். சிபியும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் தன் மேல் உள்ள கோபத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்று மேகலை நினைத்தாள். திட்டினால்கூடத் தாங்கலாம், இந்த மௌனம் ஆளைக் கொன்றது.

அதற்கும் அடுத்த நாள் மதியம் சிபி சாப்பிட உட்கார்ந்தான். முதல் வாய் சோற்றை விழுங்கும்போது முகம் சுளித்தது. கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு வீக்கம். கோலிக்குண்டு போல ஏதோ ஒன்று தோலுக்குள் நின்றது. அவன் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றும் இல்லாதவன்போல அடுத்த வாய் எடுத்தான். மேகலைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான்தாங்க" என்றாள். "என்னாலதாங்க உங்களுக்கு வந்துச்சு."

கோகிலா அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். மேகலை எல்லாவற்றையும் சொன்னாள். சூலூர் பஸ், அகரன், இட்லி, காய்ச்சல். சொல்லச் சொல்ல அழுகை வந்து பாதிச் சொற்களை விழுங்கியது. "அந்தக் கொழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. இப்பவே போயி ரத்தம் குடுக்கறனுங்க, என்ற ஒடம்புல அந்த மருந்து இருக்குமுங்க" என்று கைகூப்பினாள்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கோகிலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "தண்ணி குடு" என்றாள். குரலில் கோபமே இல்லை. சிபி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சரி" என்றான் கடைசியில். "நடந்தது நடந்து போச்சு."

இவ்வளவு பெரிய மனசா இவருக்கு என்று மேகலை அவன் காலைத் தொடப் போனாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

செய்தி மட்டும் நிற்கவில்லை. அன்று மாலைக்குள் சிபியின் பெரியப்பா வீட்டுக்குத் தெரிந்தது. இரவுக்குள் ஊருக்கே தெரிந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்பதற்கு அவளுக்கு உரிமை இல்லை.

அவள் ரத்தம் கொடுத்து இரண்டு நாள் கழித்து டாக்டர் பர்வீன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு வைரஸ் வந்துட்டுப் போயிருக்கு மேகலை. கொழந்தைகிட்ட இருந்துதான் வந்திருக்கணும். உங்க உடம்பு அதை அடக்கிடுச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல."

"எடுத்துக்குங்க டாக்டர். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

டாக்டர் பேனாவை மேசையில் உருட்டினார். "எடுத்துப் பிரயோஜனம் இல்ல. உங்க வைரஸ் வேற, அவரோடது வேற. ரெண்டும் ஒரு வம்சமே இல்ல."

மேகலைக்கு முதலில் புரியவில்லை. "அப்ப என்னால வரலீங்களா?"

"உங்களால வரல."

"அப்ப யாருங்க?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும்தான் சொல்லலாம்னு சட்டம். ஆனா ஆள் கிடைச்சாச்சு, அணுக்கள் குடுக்கவும் சம்மதிச்சாச்சு. உங்க வீட்டுக்காரர் பொழச்சுக்குவார்."

அந்தக் கடைசிச் சொல்லில் மேகலைக்கு உயிர் வந்தது. அதன் பிறகுதான் மற்றது உறைத்தது. தன் மேல் குற்றமே இல்லை. ஊரெல்லாம் தன்னைக் காறித் துப்பிக்கொண்டிருக்க, குற்றமே இல்லை. இதை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் நடையை எட்டிப் போட்டாள். நடைக்கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு கட்டிலில் கோகிலா படுத்திருந்தாள். ஒரு கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய், சலிக்கப்பட்டு மறு கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எந்த வாயிலிருந்து வந்ததோ அந்த ஆளிடம்தான் மருந்து என்று டாக்டர் சொன்னது மேகலைக்கு நினைவு வந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

கோகிலா அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"கதவைச் சாத்து" என்றாள்.

"நீங்களா அண்ணி?"

"கண்டுபுடிச்சுட்டயா? நீ மட்டி இல்லேன்னு எனக்குத் தெரியும்." கோகிலாவால் கையை அசைக்க முடியவில்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. "சிபியோட பொறந்தநாளைக்கு ஒத்தக் கடலை உருண்டை இருந்துச்சு. சின்ன வயசுல மாதிரி முந்தானைய மேல போட்டுக் காக்காக் கடி கடிச்சுப் பாதி குடுத்தேன். துணி மேல கடிச்சா எச்சில் இல்லேன்னுதான எல்லாரும் வளந்தோம்? வேற என்னத்தைச் சொல்ல."

"அது சரீங்க. உங்களுக்கு யாருகிட்ட இருந்து?"

கோகிலா கூரையைப் பார்த்தாள்.

"கிட்னி குடுக்கறப்ப எனக்கு மாப்ள பாத்துட்டிருந்தாங்க. குடுத்ததும் வந்தவனெல்லாம் போயிட்டான். ஒத்தக் கிட்னிக்காரிய யாரு கட்டுவா? ஆனா எல்லாரும் என்னையத் தெய்வம்னாங்க. தெய்வத்துக்கு யாராச்சும் மாப்ள பாப்பாங்களா மேகலை? நானே பாத்துக்கிட்டேன். நல்ல மனுசன். என்னைய உக்கார வெச்சு, தோசை சுட்டுப் போடுவாரு. என்ற வாழ்க்கையில எனக்குன்னு ஒருத்தர் சுட்டுப் போட்டது அதுதான்."

"கட்டிக்க வேண்டியதுதானுங்க?"

"நம்மூரு காலனிக்காரரு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை. அவர்கள் சொந்தத்தில் இப்படித்தான் ஒரு பெண் ஆசைப்பட்டாள். அந்தப் பையனைக் கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள். வழுக்கி விழுந்ததாகக் கேஸ் முடிந்தது. வழுக்கவைத்தவர்கள் இன்றைக்கும் எல்லா விசேஷத்திலும் முதல் பந்தியில் உட்காருகிறார்கள்.

"ஆஸ்பத்திரில இருந்து போனுல சேதி வந்தன்னிக்கு செத்துப்போலாம்னுதான் நெனச்சேன்" என்றாள் கோகிலா. "நான் செத்தா சிபிக்கு மருந்து இல்ல. பொழச்சுக் கெடந்தா அவரு உசுருக்கு ஒறுதி இல்ல. என்ன பண்றதுன்னு ரூமுக்குள்ள சுத்திட்டிருக்கறப்ப நீ வந்து நான்தான்னு அழுதே. எனக்குக் கும்புடலாம் போல இருந்துச்சு. நீ சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதியா இருந்துச்சு மேகலை. அந்தப் பாவத்தை எங்க போய்க் கழுவறதுன்னு தெரியல."

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"சிபிக்கா? தெரியாது. கிட்னி பொருந்துன மாதிரி ரத்தமும் பொருந்துதுன்னு சொல்லிட்டேன். நம்பிட்டான். அவனுக்குத் தெரிய வேண்டாம், அவன் தாங்க மாட்டான். உனக்குப் பேருதான் போகுது புள்ள, அவருக்கு உசுரு போயிரும்."

பேர் போவது சின்ன விஷயம் என்று பேர் போகாதவர்கள் சொல்வது சுலபம். மேகலைக்குக் கோபம் வந்தது. கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் மகன்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் பெயரும் அகரன் பெயரும் நிமிடத்தில் வெளுத்துவிடும். அவள் கதவுவரை போனாள். கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தாள். திடகாத்திரமான ஆட்கள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு மனுஷன் இந்நேரம் எங்கோ தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

திரும்பி வந்து கோகிலாவின் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க அண்ணி."

அந்தச் சொல்லை யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். அதனால்தான் அதன்பிறகு வந்த நாட்களை அவளால் தாங்க முடிந்தது. பெயர் வெட்டிய டம்ளர்களில் அவளுடையது மட்டும் பின்கட்டுக்குப் போனது. அவளைச் சமையலறைக்குள் விடவில்லை. தேன்மொழி வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார்கள், தங்கை போனை எடுப்பதை நிறுத்தினாள். மாமியார் முறையில் இருந்தவர்கள், "புள்ளப் பாசமாம், யாரு கண்டா?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அதே வைரஸின் வேறொரு வம்சம் உள்ளே இருக்கும் கோகிலா, கூடத்து நாற்காலியில் தன் பெயர் வெட்டிய டம்ளரில் காபி குடித்தாள். குடித்து முடிக்கும்வரை பின்கட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை. இவ்வளவும் ஒரு மனுஷனுடைய உயிருக்காக, சிபியின் மனசுக்காக, நான் தெரிந்தே சுமக்கிறேன் என்று அவள் ஒவ்வொரு நாளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சிபி தேறிவந்தான். கழுத்து வீக்கம் கரைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டை பச்சையானது.

அன்று சொந்தபந்தம் எல்லாம் வந்துவிட்டது. கோகிலாவை நடுவில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். "ஒருக்கா இல்ல, ரெண்டு தடவ உசுரு குடுத்திருக்கா. நம்ம குலதெய்வம்" என்று பெரியப்பா எல்லோரும் கேட்கச் சொன்னார். மேகலை படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருந்தால் எல்லோருக்கும் வசதி.

சிபி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையில் லட்டு. பல நாட்களுக்குப் பிறகு முகத்தில் களை வந்திருந்தது. அவனை அப்படிப் பார்த்ததும் அவள் நெஞ்சு நிறைந்தது, அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் பேசறாங்கன்னு மனசுல வெச்சுக்காதே" என்றான். "ரொம்பப் பொறுமையா இருந்தே. அக்காவுக்காக நீ பண்ணினதை நான் மறக்க மாட்டேன்."

மேகலையின் கை மடித்த சட்டையிலேயே நின்றுவிட்டது. "அண்ணிக்காகவா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியும். அக்காகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு."

"அண்ணி சொன்னாங்களா?"

"எனக்குத் தெரியும்ங்கறதே அவளுக்குத் தெரியாது. எனக்கும் போனுல சேதி வந்துச்சுல்ல. உறுப்பு குடுத்தவங்க ரத்தத்தோட பொருந்துதுன்னு. அக்காவுக்கு யாரோ இருக்காரு, சொல்ல முடியாத ஆளுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"எப்ப வந்துச்சு?"

"பட்டை மஞ்சளான மறுநாளே."

மறுநாள். வீடே பேசாமல் இருந்த நாள். அதற்கும் அடுத்த நாள்தான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவள் கைகூப்பி அழுதாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் அழுதப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"நீயாத்தான மேகலை வந்து சொன்னே? நான் கேக்கலையே. பெரியப்பாகிட்டயும் அதையேதான் சொன்னேன், வேற என்ன சொல்றது? உண்மையச் சொன்னா அந்த ஆளை விட மாட்டாங்க, அக்காவையும் விட மாட்டாங்க. உன்ற பேரு போனா என்ன, நான் இருக்கேன்ல? உன்னை நான் விட்டுருவேனா? அதான் பேசாம இருந்துட்டேன்."

நல்லது செய்த திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது. கூடத்தில் யாரோ கோகிலாவுக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேகலை தானாகக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது, அவள் கொடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அவளை விற்று அக்காவை மீட்ட கணக்கு அவன் தட்டின் முன்னாலேயே முடிந்திருந்தது. அவள் அழவில்லை. அன்றைக்கு அவள் அழுதது, அதைக் கேட்க எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்று நம்பியதால்தான்.

சிபி லட்டைப் பாதி கடித்துவிட்டு மீதியை அவள் வாயருகே நீட்டினான். "இந்தா. நமக்குள்ள இனி எச்சில் பாக்க வேண்டியதில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

மேகலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாங்க" என்றாள். "எச்சில்."